ஆயுள் சந்தா கட்டலாமா? எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் 2025

ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் பழைய மாணவர் சங்கம் இது. பெயர் போடவில்லை. அங்கே படித்தவர்களுக்கு வாசிக்கும்போதே தெரிந்துவிடும், மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. தலவாக்கலையோ பொகவந்தலாவையோ பண்டாரவளையோ, உங்கள் பாடசாலைச் சங்கத்துக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். ஆயுள் சந்தா 5000 ரூபா, வருடச் சந்தா 500. கட்டலாமா, கட்டினால் என்ன கிடைக்கும் என்று கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பழைய பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பதால், வருடம் முழுக்கக் கூட்டத்துக்கும் வேலைக்கும் போய்வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கட்டுங்கள். ஆனால் ஒன்றுகூடலை நம்பிக் கட்டாதீர்கள். ஊரை விட்டுப் போனவர்களைச் சந்தோஷப்படுத்த இந்தச் சங்கம் படுகிற பாட்டில் பாதியை ஊரிலேயே இருக்கிறவர்களுக்காகப் பட்டிருந்தால் நான் இவ்வளவு நீளத்துக்கு எழுதவேண்டி வந்திருக்காது.

முதலில் ஜனவரி நடைபவனி. பௌர்ணமிப் போயாவும் தைப்பொங்கலும் அடுத்தடுத்து வந்த நீண்ட விடுமுறையில் வைத்தார்கள். எல்லாருக்கும் லீவு என்று யோசித்தவர்கள் அது சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் என்பதை யோசிக்கவில்லை. டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் வரைக்கும் மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகிற கூட்டத்தில் பெரும்பகுதி ஹட்டன் டவுனைத் தாண்டித்தான் போகும், அதிலும் நீண்ட லீவு என்றால் கேட்கவே வேண்டாம். பேண்ட் வாத்தியக் குழு முன்னால் வர, பதாகை பிடித்தபடி நாங்கள் பின்னால் வர, நடுவில் யாத்திரை பஸ்கள் வரிசையாகப் புகுந்துவிட்டன. போக்குவரத்துப் பொலிஸார் பாவம், எந்த ஊர்வலத்தை முதலில் விடுவது என்று தெரியாமல் நின்றார்கள். லொட்ஜ்களில் அறை இல்லை, இருந்த ஒன்றிரண்டும் சீசன் விலை, கொழும்பிலிருந்து வந்த குடும்பங்கள் வேனிலேயே தூங்கின. பேண்ட் பிள்ளைகள் வாசித்தது மட்டும் அருமை. அவர்களுக்குப் புது உடை வாங்கிக் கொடுத்தது சங்கம்தான், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. டீ-ஷர்ட் 2500 ரூபா, ஒரு முறை துவைத்ததும் பாடசாலைச் சின்னம் உரிய ஆரம்பித்தது. ஒரு பிளேன்டீ கேட்டால் கடதாசிக் கப்பில் டீபேக் போட்டுக் கொடுத்தார்கள், தேயிலை மலைக்கு நடுவில் நின்றுகொண்டு!

ஏப்ரலில் நுவரெலியாவில் பெரிய ஒன்றுகூடல். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கோபம். வசந்தகால சீசனில் நுவரெலியாவில் எதுவுமே நியாய விலைக்குக் கிடைக்காது, அது கிரகரி வாவிக் கரையில் சோளம் விற்கிறவருக்கே தெரியும். ஆனாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அப்போதுதான் வசதி என்று ஹோட்டல் பிடித்து, பகல் சாப்பாட்டுக்கு மட்டும் ஆளுக்கு 6500 ரூபா வைத்தார்கள். 2025 முழுக்கத் தோட்டத்தில் நாட்சம்பளம் 1350 ரூபா. அழைப்பிதழைப் பார்த்துவிட்டு, எங்களோடு படித்து இன்றைக்கும் கொழுந்து எடுக்கிற ஒரு அக்கா, "ஏந்தம்பி, ஒரு வேளை சோத்துக்கு அஞ்சு நாள் பேரா?" என்று கேட்டார். ஒரு நாள் வேலைக்குப் பதிவாவதைத்தான் தோட்டத்தில் பேர் என்பார்கள், கணக்கு சரிதான். அதுவும் மழையில் அரைப் பேர் விழாமல் ஐந்து நாளும் முழுப் பேர் கிடைத்தால். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குடும்பமாகப் போகவேண்டும் என்றால் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். ஆகவே, பாடசாலை இருக்கிற தோட்டத்திலிருந்து வந்தவர்களை விட ரொறொன்ரோவிலிருந்தும் டோஹாவிலிருந்தும் வந்தவர்கள் அதிகமாக இருந்த ஒரு ஒன்றுகூடலை நான் பார்த்தேன். சாப்பாடு நன்றாக இருந்தது, மண்டபம் நன்றாக இருந்தது, படங்களும் அழகாக வந்திருக்கின்றன. தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கு இலவச அனுமதி கொஞ்சம் வைத்திருக்கலாமே என்று கேட்டதற்கு, இலவசம் என்றால் அவர்கள் வரக் கூச்சப்படுவார்கள் என்று பதில் சொன்னார்கள். அவர்களிடம் கேட்டுவிட்டா சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டேன், அதற்குள் கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கொழும்புக் கிளையின் இரவு விருந்து வெள்ளவத்தையில் நடந்தது. சனிக்கிழமை இரவு. புறக்கோட்டைக் கடைகளில் நிற்கிற நம் பையன்களுக்கு ஞாயிறுதான் லீவு, சனி இரவு கடை பூட்டிக் கணக்குப் பார்த்து வெளியே வரவே நேரமாகிவிடும். வந்தவர்கள் வங்கிக்காரர்களும் கம்பனிக்காரர்களும்தான். கரோக்கே இருந்தது. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

இத்தனை குறைக்கும் நடுவில், ஆகஸ்டில் பாடசாலை மண்டபத்திலேயே நடத்திய ஒரு சந்திப்பு இருக்கிறதே, அதற்காக அந்தச் செயற்குழுவின் பாதித் தவறுகளை மன்னித்துவிடலாம். பழைய அனுமதிப் பதிவேடுகளைத் தூசி தட்டி எடுத்து, ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து, பாதியில் படிப்பை விட்டு இந்தியாவுக்குப் போன பிள்ளைகளின் பெயர்களைத் தனியாக எழுதி, அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று உறவுக்காரர்கள் வழியாக விசாரித்தார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடியுரிமை இல்லாமல் இருந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது, விட்டுப்போன 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பங்குபோட்டுக்கொண்டார்கள். புத்தகத்தில் இது நாலு வரி. பதிவேட்டில் பார்த்தால் ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்துப் பெயர்களுக்கு எதிரே "இந்தியா", "இந்தியா" என்று அதே கையெழுத்தில் இறங்கிக்கொண்டே போகிறது. அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிக்கொண்டு போன ரயிலை நம் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்றே சொல்வார்கள். 1984-ல் இந்தியாவுக்கான கப்பல் நின்றுபோனதால், பாஸ்போட் எடுத்து வைத்துக்கொண்டும் போகாமலே தங்கிவிட்டவர்களும் அன்றைக்கு அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

தமிழ்நாட்டு நீலகிரியில் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருப்பவர்களை வீடியோவில் பிடித்து, வெள்ளைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். அந்தப் பக்கம் ஒருவர் தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அழுவார், பழைய கதை பேசுவார் என்று நாங்கள் காத்துக்கொண்டிருந்தால் அவர் கேட்ட முதல் கேள்வி, "அங்க இப்ப நாளைக்கு எத்தனை கிலோ கொழுந்து கேக்குறாங்க?" பதினெட்டு, சில தோட்டத்தில் இருபது என்று இங்கேயிருந்து நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள், அப்புறம் அரை மணி நேரம் இரண்டு பக்கமும் தேயிலைப் பேச்சுத்தான், இடையிடையே யார் செத்தார்கள், யார் மகளை யாருக்குக் கொடுத்தார்கள். ஒரே குறை, தலைமையுரை என்ற பெயரில் ஆரம்பத்திலேயே ஒருவர் நீட்டி முழக்கியதில் நேரமும் டேட்டாவும் கரைந்துபோய், கடைசியில் பேசக் காத்திருந்த இரண்டு பேருக்கு இணைப்பு அறுந்துவிட்டது. அடுத்த முறை உரையே வேண்டாம் அப்பா.

சமூக வேலைகளுக்கு வருவோம். இரத்ததானம், சிரமதானம், மரநடுகை எல்லாம் நடந்தன, எல்லாச் சங்கமும் செய்கிறதுதான். நட்ட மரத்தில் எத்தனை நிற்கிறது என்று யாரும் போய்ப் பார்த்ததாகத் தெரியவில்லை. படம் போடாமல் செய்கிற ஒரு வேலை இருக்கிறது, என் சந்தாவை நான் அதற்காகத்தான் கட்டுகிறேன். எங்கள் பாடசாலையில் உயர்தரத்துக்கு விஞ்ஞான, கணிதப் பிரிவு கிடையாது. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை அந்தப் பிரிவுகள் இருக்கிற, டவுனில் உள்ள 1ஏபி பாடசாலைக்குத்தான் போகவேண்டும். மாணவர் சீசன் டிக்கெட் இருக்கிறது, சிசு செரிய என்ற பாடசாலை பஸ்ஸும் சில ரோட்டில் ஓடுகிறது, ஆனால் அதெல்லாம் மெயின் ரோட்டோடு சரி. தோட்டத்தின் உட்பிரிவான டிவிஷனிலிருந்து மெயின் ரோட்டுக்கு வர நாலைந்து கிலோமீற்றர் தோட்டப் பாதை. நடக்கலாம், ஆனால் காலையில் மூடுபனி, பின்னேரம் டியூஷன் முடிந்து இருட்டில் பெண் பிள்ளை தனியாக. எத்தனையோ பிள்ளைகள் "விருப்பமில்லை, கலைப் பிரிவே போதும்" என்று சொன்னதன் அர்த்தம் இதுதான். சங்கம் இந்தப் பாதைகளுக்கு ஓட்டோவை மாத வாடகைக்குப் பேசி, மூன்று நான்கு பிள்ளைகளாகச் சேர்த்து ஏற்றி, காசை நேரே ஓட்டோக்காரரிடம் கொடுக்கிறது. ஓட்டுகிறவர்களும் எங்கள் பழைய மாணவர்கள்தான். மேடை இல்லை, பொன்னாடை இல்லை. சனிக்கிழமை கணித வகுப்பும் இதோடு சேர்ந்ததுதான், ஆனால் ஆசிரியர் ஒழுங்காகக் கிடைக்காமல் வருடத்தின் நடுவில் அது கொஞ்ச காலம் படுத்துவிட்டது.

அப்புறம் நவம்பர் கடைசியில் டித்வா புயல். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை என்று மலைப் பக்கம் முழுக்க மண்சரிவு, ரயில் பாதை போனது, ரோடுகள் போனது, கரண்டும் போனும் இல்லை, நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சை இடையில் நின்றது. இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்லவேண்டும். எங்கள் செயலாளர் ஓய்வு பெற்ற ஆசிரியர், இரண்டு வருடமாக ஒரு கொப்பி வைத்து அங்கத்தவர் விபரம் எழுதுகிறார்: பெயர், தோட்டம், டிவிஷன், லய (வரிசை வீட்டு) இலக்கம், வீட்டில் யார் யார். லயத்துக்குத் தனி விலாசம் இல்லாததால் கடிதம் தோட்ட ஆபிசுக்குப் போய் அங்கேயே கிடந்துவிடும், அதனால் அழைப்பிதழைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்க இந்தக் கொப்பி. வாட்ஸ்அப் காலத்தில் இதெல்லாம் எதற்கு சேர் என்று பின்னால் சிரித்தவர்கள் உண்டு. புயல் அடித்த அந்த நாட்களில் எந்த லயத்தில் நடக்கமுடியாத கிழவி இருக்கிறார், எங்கே கைக்குழந்தை இருக்கிறது என்று சொல்ல அந்தக் கொப்பி ஒன்றுதான் இருந்தது. இளம் பையன்கள் அதைப் பார்த்துத்தான் டிவிஷன் டிவிஷனாக நடந்துபோய் ஆட்களைப் பாடசாலை மண்டபத்துக்குக் கூட்டிவந்தார்கள். கிராம சேவகரே பிறகு வந்து அதிலிருந்து பிரதி எடுத்துக்கொண்டு போனார்.

நிவாரணத்தில் எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்லமாட்டேன். ரோடு திறந்ததும் வெளியிலிருந்து ஒரு லொறி நிறையப் பழைய உடுப்பு வந்தது. அதைப் பிரித்து அடுக்கவே ஆட்கள் போதவில்லை, கடைசியில் பாதி மண்டபத்து மூலையில் ஈரத்தில் நாறியது. தேவைப்பட்டது சப்பாத்து, கொப்பி, பெண்களுக்கு நாப்கின், சட்டி பானை. இதைக் கேட்டு எழுதிய பட்டியல் இருந்தது, கொழும்புக் கிளைக்கு அனுப்பியும் இருந்தது. சங்கம் அசத்தியது பரீட்சைப் பிள்ளைகள் விஷயத்தில்தான். மீதிப் பாடங்கள் ஜனவரிக்குத் தள்ளிப்போயின, ஆனால் சிலரின் நோட்ஸ் முழுக்கச் சேற்றோடு போய்விட்டது. மற்றப் பிள்ளைகளின் நோட்ஸை வாங்கி, பாடம் பாடமாகப் போட்டோ பிரதி அடித்து, அந்தந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தார்கள். அடையாள அட்டை தொலைந்தவர்களுக்கு, பிரதேச செயலகத்தில் வேலை செய்கிற எங்கள் வகுப்புப் பெண் ஒருவர் லீவு நாளிலும் வந்து கடிதம் எடுத்துக் கொடுத்தார்.

பெண் என்றதும் ஞாபகம் வருகிறது. செயற்குழுவில் பெண்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் உப தலைவர் பதவியில் ஒருவர், அவரும் ஆசிரியை என்பதால். கலியாணம் முடித்து வேறு தோட்டத்துக்குப் போன பெண்களின் போன் இலக்கம் பல இடத்தில் புருஷன் பெயரில் இருக்கிறது, அதனால் வாட்ஸ்அப் குழுவிலேயே அவர்கள் இல்லை. வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போய்க் காசு அனுப்பியவர்களின் பெயர்கள் நன்கொடைப் பட்டியலில் "திருமதி" என்று புருஷன் பெயரோடு வந்தன. பாடசாலையில் படித்தது அவரா, புருஷனா?

கணக்கு விஷயம். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசித்தார்கள், அச்சடித்துக் கொடுக்கவில்லை. ஏப்ரல் ஒன்றுகூடலில் மிஞ்சியதா துண்டு விழுந்ததா என்று மூன்று பேர் கேட்டும் ஒரே வரியில் பதில் இல்லை. திருட்டு நடந்தது என்று நான் சொல்லவில்லை, எனக்கு அப்படித் தோன்றவும் இல்லை, ஆனால் ஓட்டோ வாடகைக்குப் போன காசுக்கு ரூபா கணக்காகச் சீட்டு வைத்திருக்கிறவர்கள் ஹோட்டல் கணக்கை மட்டும் ஏன் வாயால் சொல்கிறார்கள்?

மதிப்பெண் கேட்கிறவர்களுக்கு: ஒன்றுகூடல்களுக்குப் பத்துக்கு நாலு, ஆகஸ்ட் சந்திப்பைச் சேர்த்தால் ஐந்தரை. பிள்ளைகளின் போக்குவரத்துக்கும் டித்வா வேலைக்கும் ஒன்பது. 2026 ஜனவரியிலிருந்து நாட்சம்பளம் வருகைக் கொடுப்பனவோடு 1750 ஆகியிருக்கிறது, அதைப் பார்த்து ஏப்ரல் சாப்பாட்டு விலையையும் ஏற்றிவிடாதீர்கள் என்று செயற்குழுவுக்குச் சொல்லியிருக்கிறேன். பாடசாலை மண்டபத்திலேயே வைத்து, ரொட்டியும் இடிச்சம்பலும் டஸ்ட் தேயிலையில் ஊற்றிய டீயும் போதும் என்று சிலர் யோசனை சொல்லியிருக்கிறார்கள், இன்னும் முடிவாகவில்லை.

கட்டுவது என்று தீர்மானித்தால் 5000-ஐயும் மொத்தமாகப் போடத் தேவையில்லை, தவணையாக வாங்குகிறார்கள். வங்கியில் போட்டுவிட்டுச் சீட்டைப் படம் எடுத்துப் பொருளாளருக்கு அனுப்பும்போது, எந்த வருடம் சாதாரண தரம் எழுதினீர்கள் என்பதையும், "போக்குவரத்து நிதி" என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அப்படி எழுதாத காசு பொது நிதிக்குப் போகும், பொது நிதியிலிருந்துதான் ஹோட்டலுக்கு அட்வான்ஸ் கட்டுகிறார்கள்.