லுவா: நிறுவுவது சுலபம், எந்தப் பதிப்பு என்பதுதான் கேள்வி

பைத்தானுக்குப் பதிலாக லுவா என்ற நிரலாக்க மொழி போதும் என்று நினைத்து வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். ஜேசன் (தரவைப் பரிமாறும் உரை வடிவம்) படிக்கவோ, ஒரு ஃபோல்டரில் உள்ள கோப்புகளைப் பட்டியலிடவோ இதில் உள்ளேயே வசதி கிடையாது. 1993-இல் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் உருவான இந்த மொழி, வேறு மென்பொருளுக்குள் உட்கார்ந்து வேலை செய்வதற்கானது. அதில் கெட்டிக்காரி. மொத்த மூலநிரலும் 400 கேபிக்குள் சுருங்கிய ஒரே கோப்பு, எம்ஐடி உரிமம்.

உபுண்டு, டெபியன் ஆகிய லினக்ஸ் வகைகளில் ஆப்ட் என்ற நிறுவும் கருவி மூலம் 'லுவா5.4' பேக்கேஜைப் போட்டால் போதும். மூலநிரலிலிருந்து கட்ட ஜிசிசி என்ற சி கம்பைலரும், கட்டும் கட்டளைகளை ஓட்டும் 'மேக்' கருவியும் வேண்டும். கோப்பை விரித்து, உள்ளே போய் 'மேக் ஆல் டெஸ்ட்', பிறகு சூடோவுடன் (நிர்வாகி அனுமதியோடு) 'மேக் இன்ஸ்டால்'. (டெஸ்ட் என்று பெயர்தான், பதிப்பு எண்ணைக் காட்டுவதோடு சரி.) இப்படிக் கட்டிய 5.4-இல் மேல் அம்புக்குறியை அழுத்தினால் முந்தைய வரி வராது, குப்பை எழுத்துகள் வரும். வரியைத் திருத்தவும் பழைய வரிகளை மீட்கவும் உதவும் ரீட்லைன் நூலகம் சேராததுதான் காரணம். லிப்ரீட்லைன்-டெவ் பேக்கேஜைப் போட்டுவிட்டு, 'மேக் கிளீன்' கொடுத்துப் பழையதை நீக்கி, 'மேக் லினக்ஸ்-ரீட்லைன்' என்று மறுபடி கட்டி, இன்ஸ்டாலையும் திரும்பக் கொடுங்கள். விண்டோஸில், கட்டி முடித்த நிரல்களை வழங்கும் லுவாபைனரிஸ் திட்டம் தரும் 5.4 தொகுப்பில் நிரலின் பெயர் 'லுவா54'. வெறும் 'லுவா' என்று அடித்துவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்கள் நிறைய.

பெரிய தலைவலி பதிப்புகள். ரெடிஸ் தரவுத்தளத்திலும் விக்கிப்பீடியா வார்ப்புருக்களிலும் ஓடுவது லுவா 5.1, நியோவிம் எடிட்டர் பயன்படுத்தும் லுவாஜிட்டும் (லுவாவை வேகமாக ஓட்டும் தனி வடிவம்) 5.1-ஐ ஒட்டியதே. அவற்றுக்காகக் கற்பவர் 5.4-ஐப் போட்டுப் பழகினால், முழுஎண் வகுத்தலுக்கான இரட்டைச் சாய்கோடு அங்கே பிழை தரும். மாட்யூல்களை நிறுவும் லுவாராக்ஸ் கருவியிலும் இதே கதை: 5.1-க்கு நிறுவிய மாட்யூல் 5.4-க்குத் தெரியாது. நிறுவும்போதே லுவா-வெர்ஷன் தெரிவில் 5.4 என்று குறிப்பிடுங்கள்.

மொழியில் எனக்குப் பிடிக்காதது ஒன்று. லோக்கல் என்று அறிவிக்காத மாறி எல்லாம் குளோபல், அதாவது நிரல் முழுக்கத் தெரியும். 'டோட்டல்' என்பதை 'டோடல்' என்று தவறாக எழுதி மதிப்புக் கொடுத்தால், சத்தமில்லாமல் புது மாறி பிறந்துவிடும். இப்படிப்பட்ட தவறுகளைக் காட்டும் லுவாசெக் கருவி இல்லாமல் பெரிய நிரல் எழுதாதீர்கள். வரிசை எண் 1-இலிருந்து தொடங்குவது இரண்டு நாளில் பழகிவிடும். நிபந்தனையில் பூஜ்ஜியம் உண்மையாக எண்ணப்படுவது அவ்வளவு சீக்கிரம் பழகாது.

தமிழ் உரையைக் கையாள்வோர் கவனிக்க: 'தமிழ்' என்ற சொல்லுக்கு நீளக் குறி (#) 15 என்கிறது, அது பைட் கணக்கு. 5.3 முதல் உள்ள யுடிஎஃப்8 நூலகத்தின் 'லென்' செயற்கூறு, உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றையும் தனியாக எண்ணி, 5 என்கிறது. மூன்று எழுத்து என்று எண்ண, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் முந்தைய எழுத்தோடு சேர்க்கும் நிரலை நீங்களே எழுத வேண்டும்.