மூச்சுப் பயிற்சியா, பேச்சு வட்டமா?

டவுன் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு மாணவர்களுக்குள் ஆரம்பித்த சண்டை, மறுநாள் டிபன் பாக்ஸால் மண்டை உடைந்ததில் முடிந்தது. திருவாரூர் பக்கம் டீச்சராக இருக்கும் தோழி கேட்டாள்: "வாரம் ஒரு பீரியடுதான் கிடைக்கும். தியானம் மாதிரி மூச்சுப் பயிற்சியா, கோபத்தைப் பேசிப் பழகும் வகுப்பா?"

செலவு
மூச்சு: பத்து நிமிடம் போதும்.
பேச்சு: பழகிய ஆள் வேண்டும். சிலபஸ் முடிக்கவே திணறுகிறவர் தலையில் கட்டினால் நடக்காது.

சுலபம்
மூச்சுதான். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பையன்களைக் கண்ணை மூடச் சொன்னால் பாதிப் பேர் தூக்கம், மீதி சிரிப்பு.

பலன்
மூச்சு: பிரிட்டனில் 85 பள்ளிகளில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், மூச்சைக் கவனிக்கப் பழக்கும் மனக்கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னெஸ்) வழக்கமான பாடத்தைவிட மாணவர் மனநலத்தைக் கூட்டவில்லை.
பேச்சு: சிகாகோ பள்ளிகளில் பையன்கள் வட்டமாக உட்கார்ந்து பேசும் 'பிகமிங் எ மேன்' வகுப்புகள் நடந்த காலத்தில், அதில் சேர்ந்தவர்களிடம் வன்முறைக் கைதுகள் கிட்டத்தட்டப் பாதி குறைந்தன. அதில் ஒரு விளையாட்டு உண்டு. ஒருவன் கையில் பந்து. இன்னொருவன் 30 நொடியில் அதை வாங்க வேண்டும். பெரும்பாலும் மல்லுக்கட்டுதான். "கொடுடா" என்று கேட்கத் தோன்றுவதே இல்லை! நம்ம டவுன் பஸ்ஸிலும் இதே கதைதான்.

பரீட்சைப் பயத்துக்கு மூச்சு. சாதியைக் காட்டும் கைக்கயிற்றின் நிறம் பார்த்து அடித்துக்கொள்கிற பள்ளிக்குப் பேச்சு. அதுவும் கயிற்றைப் பற்றியே பேசணும், பொத்தாம்பொதுவாக அன்பைப் பற்றி அல்ல. அவள் பள்ளிக்கு இரண்டாவதையே சொன்னேன். "பீரியடு யார் தருவா?" என்கிறாள்.