பாம்பனில் ஒரு இயற்பியல் டியூஷன், பிளஸ் டூ பிள்ளைகளைத் தயங்காமல் சேர்க்கலாம்

தங்கச்சிமடத்திலிருந்து அக்கா மகளை இங்கேதான் அனுப்புகிறோம், நவீன இயற்பியலுக்காகவே இந்த இடத்தைச் சொல்வேன். ஒளி பட்டால் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறும் ஒளிமின் விளைவைச் சூத்திரமாக எழுதிப்போட்டு விடுவதில்லை. சார் துத்தநாகத் தகட்டை மின்காட்டியின் (மின்னூட்டம் இருக்கும்வரை மெல்லிய உலோக இலைகள் விலகி நிற்கும் கருவி) மேல் வைத்து எதிர் மின்னூட்டம் ஏற்றுகிறார். நம்ம ஊர்க் கடல்காற்று ஈரத்தில் இலைகள் தானாகவே மெல்ல இறங்கும் என்பதால், விளக்கே இல்லாமல் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று முதலில் பார்க்கச் சொல்கிறார், எனக்கு ரொம்பப் பிடித்ததே அதுதான். அப்புறம், எவ்வளவு பிரகாசமான சாதாரண பல்பைக் காட்டினாலும் வேகம் மாறாத இலைகள், பெட்டிக்குள் கண்ணில் படாமல் வைத்த புற ஊதா விளக்குக்குச் சட்டென்று விழுகின்றன. நடுவில் கண்ணாடியை வைத்தால் அதுவும் நின்றுவிடுகிறது. வெளிச்சம் எவ்வளவு என்பதல்ல, அதிர்வெண்தான் எலக்ட்ரான் வெளியேறுமா என்பதை முடிவு செய்கிறது என்பது இனி பிள்ளைக்கு மறக்குமா? 1887-இல் ஹெர்ட்ஸ் கவனித்ததை 1905-இல் ஐன்ஸ்டைன் விளக்கினார், அவருடைய 1921-ஆம் ஆண்டு நோபல் பரிசு சார்பியலுக்கு அல்ல, முக்கியமாக இதற்குத்தான் என்பதும் வகுப்பில் வருகிறது.

குறை என்றால், அணுக்கரு இயற்பியலைக் கடைசியில் அவசரமாக ஓட்டுகிறார்கள், அரை ஆயுட்காலக் கணக்குகள் இன்னும் வேண்டும். கட்டணம் நியாயம்தான். வகுப்பு முடிய இருட்டிவிடும், பஸ் நேரம் பார்த்துச் சேருங்கள்.