டிஜிஏ கருவி: தராசுக்கு முழு மார்க், மென்பொருளுக்குக் கிடையாது

காம்போசிட் பொருட்களின் (இழையும் பிசினும் சேர்த்துச் செய்தவை) வெப்பத் தாங்குதிறனைப் பார்க்க எங்கள் ஆய்வகத்தில் வாங்கிய, மேசை மேல் வைக்கிற டிஜிஏ (தெர்மோகிராவிமெட்ரிக் அனாலிசிஸ்) கருவி இது. சூடு ஏற ஏற மாதிரியின் எடை எப்படிக் குறைகிறது என்று காட்டும். தராசு அருமை. கருவியைச் சோதிக்க வழக்கமாகப் பயன்படுத்தும் கால்சியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட் வைத்து ஓட்டினால் எடை மூன்று படியாக இறங்க வேண்டும், முதல் படியில் தண்ணீர் மட்டும் 12.3 சதவீதம் போக வேண்டும். இதில் அது பிசகாமல் வருகிறது.

கண்ணாடி இழையை எபாக்சி பிசினில் பதித்த பொருளைப் பார்ப்பவர்களுக்கு ரொம்ப வசதி. 10 மில்லிகிராம் துண்டை நைட்ரஜனில் நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் 600 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றி, அப்புறம் காற்றுக்கு மாற்றினால் மிச்சக் கரியும் எரிந்துபோய் கிண்ணத்தில் வெள்ளையாக இழை மட்டும் கிடக்கும், பிசின் எவ்வளவு இழை எவ்வளவு என்று ஒரே ஓட்டத்தில் தெரிந்துவிடும். கார்பன் இழைக்கு இது சரிப்படாது, காற்றில் இழையே எரியும். இன்னொன்று, பலகையில் ஓர் இடத்தில் பிசின் கூடுதலாகவும் இன்னோர் இடத்தில் குறைவாகவும் இருக்கும், அதனால் ஒரே ஒரு துணுக்கை நம்பாதீர்கள், பல இடங்களில் வெட்டி ஓட்டுங்கள்.

மென்பொருள்தான் எரிச்சல். சிதைவு தொடங்கும் வெப்பநிலையைக் கண்டுபிடிக்க எடை வரைபடத்தில் தானாகவே தொடுகோடு போடுகிறது, ஆனால் ஈரம் உறிஞ்சிய துண்டு என்றால் 100 டிகிரியை ஒட்டி வருகிற சின்ன இறக்கத்தையே தொடக்கம் என்று பிடித்துக்கொள்கிறது. கையால் திருத்தலாம், சரி. ஆனால் எந்தப் புள்ளிகளை வைத்துக் கோடு போட்டோம் என்பது அறிக்கையில் வருவதே இல்லை. வேறொருவர் அதே வரைபடத்தை எடுத்தால் வேறு எண் வரும், எது சரி என்று எப்படிச் சொல்வது?

இதைவிட முக்கியமான விஷயம், விற்க வருபவர்கள் இந்தத் தொடக்க எண்ணைக் காட்டி ‘உங்கள் பொருள் இவ்வளவு தாங்கும்’ என்பார்கள். தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். 300 டிகிரி தாண்டித்தான் எடை இழக்கிற எபாக்சி 120 டிகிரியிலேயே இளகி விறைப்பை இழந்துவிடலாம், அப்போது எடை துளியும் குறைந்திருக்காது. அதைக் காட்டுவது டிஎம்ஏ (டைனமிக் மெக்கானிக்கல் அனாலிசிஸ்), சூடு ஏற ஏறப் பொருளின் விறைப்பு எப்படி மாறுகிறது என்று அளக்கும் கருவி. அதிலும் இளகும் வெப்பநிலை என்று சேமிப்பு மாடுலஸ் (விறைப்பின் அளவு) சரியும் இடத்தைச் சொல்கிறார்களா, டான் டெல்டா (அதிர்வைத் தணிக்கும் அளவு) உச்சியைச் சொல்கிறார்களா என்று கேளுங்கள், இரண்டாவது எப்போதும் கூடுதலாகவே இருக்கும்.

சுமை தாங்குகிற பாகங்கள் செய்கிறீர்கள், ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் டிஎம்ஏ வாங்குங்கள், டிஜிஏவை வெளியில் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.