தண்டர் பேயா, விக்டோரியாவா: பூர்வகுடிச் சட்டம் படிக்க எங்கே போவது?

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து யாராவது ஒரு பிள்ளை போன் எடுக்கும். "அக்கா, ரெண்டுக்கும் போடப் போறன், எது நல்லம்?" ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவைக்கிறேன்.

2019 இல் எனக்கு இரண்டு இடங்களிலும் அனுமதி கிடைத்தது. ஒன்று ஒன்ராறியோவின் வடக்கே, தண்டர் பேயில் இருக்கும் லேக்ஹெட் பல்கலைக்கழகத்தின் போரா லாஸ்கின் சட்டபீடம். மற்றது வன்கூவர் தீவில் இருக்கும் விக்டோரியா பல்கலைக்கழகத்தின் ஜே.டி./ஜே.ஐ.டி. இரட்டைப் பட்டம்: ஜே.டி. வழக்கமான சட்டப் பட்டம், ஜே.ஐ.டி. பூர்வகுடிச் சட்டத்துக்கான பட்டம். நான் தண்டர் பேக்குப் போனேன், இப்போது வேலையும் அங்கேதான். விக்டோரியாவை என் தோழி தேர்ந்தெடுத்தாள். அந்தப் பக்கத்தைப் பற்றி நான் சொல்வதில் பாதி அவள் சொல்லக் கேட்டது. ஆகவே தராசு கொஞ்சம் சாய்ந்திருக்கும், தெரிந்துகொண்டே வாசியுங்கள்.

பொதுவானவற்றை முதலில் முடித்துவிடலாம். இரண்டுக்கும் எல்சாட் என்ற சட்டபீட நுழைவுப் பரீட்சை வேண்டும். இரண்டும் கியூபெக் தவிர்ந்த கனடா முழுவதும் ஏற்கப்பட்ட பட்டங்கள். இரண்டிலும் பூர்வகுடி அல்லாதவர்களும் படிக்கலாம். விக்டோரியாவில் மழை, தண்டர் பேயில் மைனஸ் முப்பது. அவ்வளவுதான்.

தேர்ந்தெடுக்கும்போது பலருக்குப் புரியாத ஒன்று இருக்கிறது. பூர்வகுடிகளைப் பற்றிக் கனடா அரசு போட்ட சட்டம் வேறு, பூர்வகுடிகளின் சொந்தச் சட்டம் வேறு. ஒப்பந்தங்கள், பூர்வகுடி உரிமைகளை ஏற்கும் அரசமைப்பின் 35 ஆம் பிரிவு, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் எல்லாம் முதல் வகை. ஓர் ஆற்றில் யார் மீன் பிடிக்கலாம், ஒருவர் இறந்தால் அவருடைய பெயரும் நிலப்பொறுப்பும் யாருக்குப் போகும் என்று ஒரு சமூகம் தனக்குத்தானே வைத்திருக்கும் ஒழுங்கு இரண்டாவது வகை. பெரும்பாலான சட்டபீடங்கள் முதல் வகையைத்தான் படிப்பிக்கின்றன.

விக்டோரியா இரண்டாவதைக் கையிலெடுத்தது. 2018 இல் வால் நெப்போலியன், ஜோன் பொரோஸ் ஆகிய பேராசிரியர்களின் முயற்சியில் தொடங்கிய நான்கு வருடப் படிப்பு அது. உலகத்திலேயே இந்த வகையில் முதலாவது. தொடங்கும்போது வகுப்பில் இருபத்தைந்து பேர் அளவில்தான். சொத்துச் சட்டம் என்றால் ஆங்கிலேயரின் பொதுச் சட்டத்தோடு (கொமன் லோ) பிரிட்டிஷ் கொலம்பியாவின் பூர்வகுடிகளான கிட்சான் மக்களின் நிலச் சட்டத்தையும் ஒரே வகுப்பில் பக்கம் பக்கமாக வைத்துப் படிப்பார்கள். மேல் வருடங்களில் சமூகங்களுக்கே போய்ப் படிக்கவும் வேண்டும். வாய்வழிக் கதையொன்றை எடுத்து, இதில் பிரச்சினை என்ன, யார் முடிவெடுத்தார், ஏன் அப்படி முடிவெடுத்தார் என்று தீர்ப்பை அலசுவது போலவே அலசுவார்களாம். மானிடவியல், மொழியியல், வரலாறு எல்லாம் சட்ட வகுப்புக்குள்ளேயே வந்துவிடும்.

இதன் அருமை தெரிய டெல்கமூக் வழக்கைப் பார்க்க வேண்டும். கிட்சான், வெட்சுவெட்டன் மக்கள் தங்கள் நிலத்துக்காகப் போட்ட வழக்கு. மேரி ஜோன்சன் என்ற மூதாட்டி தங்கள் நிலத்தின் வரலாற்றுக்குச் சாட்சியாக நீதிமன்றத்தில் பாட முன்வந்தார். பாடிப் பிரயோசனமில்லை, எனக்கு இசை கேட்கும் காது இல்லை என்ற பாணியில் நீதிபதி தடுத்துப் பார்த்தார். அப்படியும் அவர் பாடினார். 1991 இல் அந்த நீதிபதி வழக்கைத் தள்ளிவிட்டார். 1997 இல் உச்ச நீதிமன்றம், வாய்வழி வரலாற்றுக்கும் சாட்சியத்தில் உரிய இடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லி மறுவிசாரணைக்கு அனுப்பியது. அந்தப் பாட்டைக் கேட்கத் தெரிந்த சட்டத்தரணிகளை உருவாக்குவதுதான் விக்டோரியாவின் வேலை என்று தோழி சொல்வாள்.

எங்கள் ஆட்களுக்கு இது ஒன்றும் அந்நியம் இல்லை. தேசவழமை இருக்கிறதே! யாழ்ப்பாணத்து வழக்கங்களை ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்து முடித்தார். பிறகு ஆங்கிலேயர் 1806 இல் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற சொத்து வகைகளின் பெயர்கள் இலங்கை நீதிமன்றங்களில் இன்றும் புழங்குகின்றன. கொடிகாமத்துக் காணியைப் பற்றிப் பேச்சு வந்தால் அப்பா இப்போதும் சொல்வார்: "பங்காளிக்குச் சொல்லாமல் காணி விக்கேலாது." அவர் எந்தச் சட்டப் புத்தகத்தையும் திறந்தவர் இல்லை. ஆனால் எழுதிவைத்ததால் பிழைத்த அந்த வழக்கம், எழுதிவைத்ததாலேயே ஓரளவு உறைந்தும் போனது. ஒரு வழக்கத்தை உறையவிடாமல் சட்டமாக வைத்திருப்பது எப்படி? இந்தக் கேள்விதான் உங்களைத் தூங்கவிடவில்லை என்றால் விக்டோரியாவுக்குப் போங்கள். தண்டர் பேயில் இதற்கு அவ்வளவு இடம் கிடைக்காது. பூர்வகுடிச் சட்ட மரபுகள் எங்களுக்கும் கட்டாயப் பாடம்தான், தண்டர் பேப் பக்கத்துப் பூர்வகுடிகளான அனிஷினாபே மூத்தோர் வந்து பேசுவார்கள்தான். ஆனாலும் அஸ்திவாரம் பொதுச் சட்டம்தான்.

பிறகு ஏன் தண்டர் பே? ஒரே சொல்லில் சொன்னால், ஆர்ட்டிக்லிங்.

பட்டம் வாங்கினால் சட்டத்தரணி ஆகிவிடலாம் என்று எங்கள் வீடுகளில் நினைக்கிறார்கள். இல்லை. ஒன்ராறியோவில் வழக்கமான வழி என்றால், பட்டத்துக்குப் பிறகு ஒரு மூத்த சட்டத்தரணியின் கீழ் எட்டுப் பத்து மாதம் பயிற்சி எடுக்க வேண்டும். அதுதான் ஆர்ட்டிக்லிங். அந்த இடத்தை நீங்களே தேடிக்கொள்ள வேண்டும். பெரிய அலுவலகங்களில் மாமா, சித்தப்பா இல்லாத பிள்ளைகள் தவிப்பது இங்கேதான். என் மச்சாள் எழுபதுக்கு மேல் விண்ணப்பம் போட்டாள். கடைசியில் ஒரு சின்ன அலுவலகம் எடுத்தது, சம்பளம் இல்லாமல். பத்து மாதத்தில் அவள் நீதிமன்றத்துக்குப் போன நாட்களை விட, அங்கிருந்த சட்டத்தரணியின் கோட்டை லோண்டரியில் எடுக்கப் போன நாட்கள் அதிகம். தலைக்கு மேல் மாணவர் கடன். மாமி வெளியே சொல்லவில்லை, ஆனால் அந்த வருடம் அவர்கள் வீட்டில் யாரும் சிரித்ததை நான் பார்க்கவில்லை.

லேக்ஹெட்டில் அந்தக் கட்டம் இல்லை. 2013 இல் திறந்தபோதே நடைமுறைப் பயிற்சியைப் பாடத்துக்குள் கலந்துவிட்டார்கள். சட்டத்தரணிகளுக்கு உரிமம் கொடுக்கும் ஒன்ராறியோ சட்டச் சங்கம் அதை ஆர்ட்டிக்லிங்குக்கு ஈடாக ஏற்றிருக்கிறது. மூன்றாம் வருடத்தில் நான்கு மாதம் ஓர் அலுவலகத்தில் வேலை. எனக்கு அதற்கும் சம்பளம் கிடைக்கவில்லை, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இடம் தேடி எழுபது வாசல் ஏறி இறங்கவில்லை. 2022 வசந்தத்தில் படிப்பு முடிந்தது, சட்டச் சங்கத்தின் பரீட்சைகளை எழுதினேன், அந்த வருடமே சத்தியப்பிரமாணம். தோழிக்கு நான்கு வருடம் படிப்பு, அதற்கு மேல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆர்ட்டிக்லிங். இரண்டு பேருக்கும் நடுவில் கிட்டத்தட்ட இரண்டு வருடச் சம்பளம் நிற்கிறது. அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். ஒரு விஷயம்: இந்த ஈடு ஒன்ராறியோவுக்கானது. வேறு மாகாணத்தில்தான் தொழில் என்றால் முதலில் இங்கே சத்தியப்பிரமாணம் எடுத்து, பிறகு மாறிப் போவதுதான் சுலபம்.

காசை விடுங்கள், அந்தப் பயிற்சியில் கற்றது வேறு. முதல் வருடத்தில் ஒரு மாதிரிப் பிணை விசாரணை. குற்றம் சாட்டப்பட்டவர் வடக்கே சாலை இல்லாத ஒரு கிராமத்தவர், விமானத்தில்தான் போய் வரலாம். நான் அழகாக எழுதி வைத்திருந்த நிபந்தனையை வாசித்தேன்: வாரம் ஒரு முறை தண்டர் பே பொலிஸ் நிலையத்தில் கையெழுத்து. நீதிபதியாக உட்கார்ந்திருந்த சட்டத்தரணி கேட்டார், "விமான டிக்கெட் யார் எடுத்துக் கொடுப்பது? நீங்களா?" வகுப்பு சிரித்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. இன்று பிணை மனு எழுதும்போதெல்லாம் முதலில் வரைபடத்தைத்தான் திறக்கிறேன். இளங்கலையில் புவியியல் படித்தது வீண் போகவில்லை.

இன்னொரு நாள். ஃபோர்ட் வில்லியம் முதற்குடியைச் சேர்ந்த வகுப்புத் தோழர் ஒருவர் இரண்டு டூனியை, அதாவது இரண்டு டொலர்க் காசுகள் இரண்டை, மேசையில் வைத்தார். "இது என் வருஷத்து ஒப்பந்தப் பணம்" என்றார். 1850 இன் ரொபின்சன்-சுப்பீரியர் ஒப்பந்தத்தில், நிலத்தின் வருமானம் கூடக்கூட ஆண்டுத்தொகையும் கூடும் என்று எழுதியிருக்கிறது. 1875 இல் தலைக்கு நான்கு டொலர் ஆக்கியதோடு சரி, அதன் பிறகு ஒரு சதம் கூடவில்லை. காடும் சுரங்கமும் எவ்வளவு கொடுத்தன என்பதை எங்கள் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாலே தெரியும். 2024 ஜூலையில், அரசு வாக்கு மீறியது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது எனக்கு நினைவு வந்தது அந்த மேசையும் இரண்டு காசுகளும்தான்.

குறையும் சொல்ல வேண்டும். கனடாவில் சட்டபீடத் தலைவரான முதல் பூர்வகுடிப் பெண் ஏஞ்சலிக் ஈகிள்வுமன், 2016 இல் லேக்ஹெட்டில்தான் பொறுப்பேற்றார். நிறுவன ரீதியான இனவாதத்தைக் காரணம் காட்டி 2018 இல் பதவி விலகினார். நான் போனது அதற்கு அடுத்த வருடம். போகும் முன்னர் அந்தச் செய்திகளைத் தேடிப் பிடித்து எல்லாம் வாசித்தேன், நீங்களும் வாசியுங்கள். வகுப்பு சின்னது, அறுபது எழுபது பேர். விருப்பப் பாடங்களும் குறைவு. வரிச் சட்டம், பெரிய கம்பனி வழக்குகள் என்று ஆசை இருந்தால் இரண்டு இடமும் வேண்டாம், ரொறன்ரோவிலேயே இருங்கள். அங்கிருந்தபடி பூர்வகுடிச் சட்டத்தையும் தொட்டுப்பார்க்க ஓஸ்குட் ஹோல் சட்டபீடத்தில் தனித் தீவிரப் பயிற்சி ஒன்று உண்டு.

தோழி இப்போது பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கே, ஒரு சமூகத்தின் குடும்பச் சட்டத்தை அவர்களோடு இருந்து எழுத உதவுகிறாள். எனக்கு அந்த வேலை செய்யத் தெரியாது. திங்கட்கிழமை காலை பிணை நீதிமன்றத்தில் என் வேலையைச் செய்ய அவளுக்கும் கொஞ்ச நாள் எடுக்கும்.

போன வாரம் எடுத்த பிள்ளை முடிவெடுத்துவிட்டாள், தண்டர் பேதான். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்: காருக்கு பிளாக் ஹீட்டர் போடுங்கள், குளிரில் எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் மின்கருவி அது. வாடகை வீடு பார்க்கும்போது கார் நிறுத்துமிடத்தில் பிளக் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்த பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்து வையுங்கள். எனக்கு வீட்டுக்காரர் இருக்கிறது என்றார். இருந்தது, பக்கத்து வீட்டில்.