‘எஸ்டிஎம்32’ ஸ்டிக்கர் ஒட்டிய இன்வெர்ட்டர் கார்டு: காசு கொடுக்கும் முன் சிப்பின் கால்களை எண்ணுங்கள்

பழைய ஹோம் யூபிஎஸ்ஸுக்கு மாற்று கண்ட்ரோல் கார்டு வாங்கப் போகிறவர்கள், குறிப்பாகக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கமிருந்து கோவைக்குப் போய் வாங்குகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். சிப்பின் தலையைத் தேய்த்து, மேலே "எஸ்டிஎம்32, ஹார்டுவேர் டெட் டைம்" என்று வெள்ளி நிற ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு கார்டு விற்பனையில் இருக்கிறது. எஸ்டிஎம்32 என்பது கார்டை ஓட்டும் மைக்ரோகண்ட்ரோலர் சிப்பில் ஒரு வகை; டெட் டைம் என்ன என்று கீழே சொல்கிறேன். ஸ்டிக்கரில் எழுதியிருப்பது பொய். அந்தப் பொய்யால் என் மாஸ்ஃபெட்டுகள் (பேட்டரி கரண்ட்டை ஆன், ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர்கள்) வெடித்தன, அடைக்கு வைத்த முட்டைகள் கெட்டன.

நான் நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்கிறேன். அதற்கு முன் ஐடிஐயில் எலக்ட்ரானிக் மெக்கானிக் படித்து, சர்வீஸ் வேலை பார்த்தவள். கோழி முட்டை பொரிய 21 நாள் ஆகும். அந்த நாளெல்லாம் பொரிப்புப் பெட்டிக்குள் 37.5 டிகிரி சூடு நிற்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று இறங்கும்போது எங்கள் ஊரில் தென்னை மட்டை கம்பியில் விழுவது வாடிக்கை. கேஎஸ்இபி (கேரள மின்வாரியம்) ஆட்கள் வந்து சரி செய்யும் வரை இன்வெர்ட்டர்தான் துணை. என்னிடம் இருந்தது செம்புச் சுற்று டிரான்ஸ்ஃபார்மர் போட்ட பழைய 12 வோல்ட் இன்வெர்ட்டர் பெட்டி. அதில் கார்டு மட்டும்தான் போயிருந்தது. நல்ல டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கி எறிய மனமில்லாமல்தான் மாற்றுக் கார்டு தேடிப் போனேன்.

"அக்கா, இதுல இருக்கிறது எஸ்டிஎம்32எஃப்103 சிப்புங்க. டெட் டைம் சிப்புக்குள்ளயே இருக்குது. மாஸ்ஃபெட் சாகவே சாகாது" என்றார் விற்றவர். மல்டிமீட்டரை எடுத்து இரண்டு பக்க மாஸ்ஃபெட்டின் கேட்டிலும் (அதை ஆன், ஆஃப் செய்யும் கால்) மாறி மாறி வைத்தார். இரண்டிலும் ஒரே வோல்ட். "பாத்தீங்களா, ரெண்டு பக்கமும் சமம்" என்றார்.

வாங்குபவர்களை இந்த மல்டிமீட்டர் வித்தையை வைத்துத்தான் நம்ப வைக்கிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த வகை இன்வெர்ட்டர் பெட்டியில் டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனை பேட்டரி பாசிட்டிவ்வுக்குப் போகிறது. இரண்டு ஓர முனைகளையும் இரண்டு மாஸ்ஃபெட் வரிசைகள் மாற்றி மாற்றி நெகட்டிவ்வுக்கு இழுக்கின்றன. 50 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்று 20 மில்லி நொடி. இந்தப் பக்கம் 10, அந்தப் பக்கம் 10. கார்டின் வேலை, ஒன்றுக்கொன்று நேர் எதிராக இரண்டு சிக்னல் கொடுப்பது. ஒரே உரலில் இரண்டு பேர் உலக்கை போடுவது போல: ஒரு உலக்கை மேலே ஏறிய பிறகுதான் மற்றது இறங்க வேண்டும். இரண்டு வரிசையும் சேர்ந்து ஆன் ஆனால் இரண்டு பாதிச் சுற்றுகளின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வெறும் கம்பியாகிவிடும். பேட்டரி கொடுக்கக்கூடிய கரண்ட் முழுவதும் மாஸ்ஃபெட்டை நோக்கிப் பாயும். அதனால்தான் ஒரு பக்கம் அணைந்து மறு பக்கம் எரியும் (ஆன் ஆகும்) முன் சில மைக்ரோ நொடி இரண்டையும் அணைத்து வைக்கிறார்கள். அதுதான் டெட் டைம். மல்டிமீட்டர் காட்டுவது சராசரி வோல்ட்டை. 20 மில்லி நொடியில் 4 மைக்ரோ நொடி இரண்டும் சேர்ந்து எரிந்தால் அந்தச் சராசரியில் அது தெரியவே தெரியாது. விற்பவர் மீட்டரோடு நிறுத்திக்கொண்டால் அவர் எதையும் நிரூபிக்கவில்லை என்று அர்த்தம்.

மாட்டிய பிறகு ஓடியது, ஆனால் சும்மா இருக்கும்போதே ஹீட்சிங்க் சூடாக இருந்தது. பிறகு ஒரு காற்று நாள் இரவில், பொரிப்புப் பெட்டி ஹீட்டர் ஆன் ஆகும் நேரம், ஒரு பக்க மாஸ்ஃபெட் வரிசை முழுவதும் வெடித்தது. குஞ்சு ஓட்டைக் கொத்தத் தொடங்கியிருந்த முட்டைகள் உள்ளே இருந்தன. விடிவதற்குள் பொரிப்புப் பெட்டி ஆறிப்போய்விட்டது.

கார்டை எடுத்துக்கொண்டு போனால், "உங்க மாஸ்ஃபெட் டூப்ளிகேட்டா இருக்கும்" என்றார். போலி ஐஆர்எஃப்3205 மாஸ்ஃபெட் சந்தையில் இருப்பது உண்மைதான். அதனால் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்கிப் போட்டேன். அதுவும் அதே பக்கத்தில் வெடித்தது. அடுத்துச் சொன்ன காரணம்தான் எனக்கு ஆத்திரம் மூட்டியது: "கேரளா கரண்டு ஏத்த இறக்கமா வருதுங்கக்கா. எங்க கார்டு தமிழ்நாடு லைனுக்குச் செஞ்சது. வேலந்தாவளம் தாண்டினா வாரண்டி கிடையாது."

எல்லைப் பக்கம் இருக்கிற எல்லோரும் இந்தப் பதிலை ஏதோ ஒரு பொருளுக்காவது கேட்டிருப்போம். இரண்டு மாநிலத்துக்கும் அதே 230 வோல்ட், அதே 50 ஹெர்ட்ஸ். தென்மாநிலங்கள் எல்லாம் ஒரே மின்தொகுப்பு. 2013 டிசம்பர் 31 முதல் அது நாட்டின் மற்ற பகுதிகளோடும் இணைந்தே ஓடுகிறது. எங்கள் தெருவில் வோல்ட் குறையலாம், கூடலாம். அதற்கும் இந்த வெடிப்புக்கும் சம்பந்தமே இல்லை. மாஸ்ஃபெட் போனது கரண்ட் இல்லாத நேரத்தில், பேட்டரியில் ஓடும்போது. கம்பியில் இல்லாத கேரளா கரண்ட் எப்படி என் மாஸ்ஃபெட்டைக் கொல்லும்? "தம்பி, அப்போ லைன்ல கரண்டே இல்ல" என்று சொன்னதற்குப் பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து ஸ்டிக்கரை உரித்தேன். முதலில் கால்களை எண்ணினேன்: பக்கத்துக்கு 8, மொத்தம் 32. எஸ்டிஎம்32எஃப்103 சிப் 32 கால் உறையில் வருவதே இல்லை. கடைகளில் அதிகம் கிடைக்கும் சி8 வகைக்கு 48 கால். 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் (சிப்புக்குக் கடிகாரத் துடிப்பு தருவது) 7, 8 ஆம் கால்களில் இருந்தது. பக்கத்தில் ஆறு ஊசி ப்ரோகிராமிங் துளைகள். யுஎஸ்பிஏஎஸ்பி என்ற ப்ரோகிராமரை மாட்டி, ஏவிஆர்டியூட் மென்பொருள் மூலம் கேட்டபோது சிப் தன் சிக்னேச்சரை (அடையாள எண்ணை) சொன்னது: 1ஈ 95 0எஃப். அது ஏடிமெகா328பி, ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் அதே சிப். உள்ளே இருக்கும் ப்ரோகிராமைப் படிக்க முடியாமல் பூட்டியிருந்தாலும் சிக்னேச்சரையும் ஃபியூஸ்களையும் (சிப்புக்குள் இருக்கும் அமைப்பு பிட்டுகள், கரண்ட் ஃபியூஸ் அல்ல) படிக்க முடியும். எக்ஸ்டெண்டட் ஃபியூஸ் எஃப்எஃப் என்று இருந்தது. அப்படியென்றால் வோல்ட் குறையும்போது சிப்பை நிறுத்திவைக்கும் பிரௌன் அவுட் பாதுகாப்பை அணைத்தே வைத்திருக்கிறார்கள்.

328பியை நான் குறை சொல்லவில்லை. மலிவான, நம்பகமான சிப். இந்த வேலையை அது சுத்தமாகச் செய்யும். அதற்குள் இருக்கும் டைமர்1ஐ ஃபேஸ் கரெக்ட் முறையில் (உச்சம் வரை ஏறி, மறுபடி இறங்கி எண்ணுவது) வைத்து, 16 மெகாஹெர்ட்ஸை 8ஆல் வகுத்து, உச்சத்தை 20000 என்று போட்டால் சரியாக 50 ஹெர்ட்ஸ். டைமரே நேரடியாக ஓட்டும் இரண்டு கால்களில் ஓசி1ஏ வெளியீட்டை நேராகவும் ஓசி1பியைத் தலைகீழாகவும் வைத்து, முதல் ஒப்பீட்டு எண்ணை 9990 என்றும் இரண்டாவதை 10010 என்றும் கொடுங்கள். ஒவ்வொரு எண்ணிக்கையும் அரை மைக்ரோ நொடி. ஆகவே இரண்டு மாற்றத்திலும் 10 மைக்ரோ நொடி இடைவெளி, இரண்டு பக்கமும் சமமாக 9.99 மில்லி நொடி. ப்ரோகிராம் வேறு எந்த வேலையில் மூழ்கியிருந்தாலும் டைமர் தன் போக்கில் இதைச் செய்துகொண்டிருக்கும். இந்த அளவுகள் சமமாக இருப்பதும் முக்கியம். ஒரு பக்கம் கொஞ்சம் நீண்டாலும் டிரான்ஸ்ஃபார்மர் கோர் ஒரே திசையில் காந்தமேறி, அதற்கு மேல் ஏற முடியாமல் முட்டிக்கொள்ளும்.

இந்தக் கார்டைச் செய்தவர் டைமர் வெளியீட்டைத் தொடவே இல்லை. ஓசி1ஏ, ஓசி1பி இரண்டும் அந்த உறையில் 13, 14 ஆம் கால்கள். மாஸ்ஃபெட்டுக்குப் போகும் கோடுகளோ 11, 12 ஆம் கால்களில் இருந்து கிளம்புகின்றன. அந்த இரண்டு கால்களிலும் டைமர் வெளியீடு கிடையாது. அது மட்டுமா, சிப் தன் கால்களை போர்ட் என்ற குழுக்களாகப் பிரித்து வைத்திருக்கிறது: 11 டி போர்ட்டைச் சேர்ந்தது, 12 பி போர்ட்டைச் சேர்ந்தது. இரண்டையும் ஒரே கட்டளையில் மாற்றவும் வழியில்லை. ஒன்றன்பின் ஒன்றாக ப்ரோகிராம்தான் மாற்றியாக வேண்டும்.

24 மெகாஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசரை (சிக்னல் எப்போது ஆன், ஆஃப் ஆகிறது என்று பதியும் கருவி) அந்தக் கால்களில் மாட்டி, பல்ஸ்வியூ மென்பொருளில் பார்த்தேன். 11 அணைந்து 12 எரியும் இடத்தில் 4 மைக்ரோ நொடி போல இடைவெளி, நல்லது. 12இலிருந்து 11க்கு மாறும் இடத்தில் 11 முதலில் எரிகிறது, 12 பிறகுதான் அணைகிறது. அதே 4 மைக்ரோ நொடி இரண்டும் சேர்ந்து ஆன். எந்தப் பக்கம் மாறினாலும் 11ஐ முதலில், 12ஐ அடுத்து என்று டிஜிட்டல் ரைட் (ஒரு காலை ஆன் அல்லது ஆஃப் செய்யும் ஆர்டுயினோ கட்டளை) வரிகளை எழுதினால் இப்படித்தான் வரும். இடையில் டைமர் குறுக்கீடு (ப்ரோகிராமை நடுவில் நிறுத்தி வேறு வேலைக்கு இழுப்பது) விழுந்த இடங்களில் அது பத்து மைக்ரோ நொடியைத் தொட்டது. நொடிக்கு 50 முறை இந்த அடி விழுகிறது. சும்மா இருக்கும்போதே ஹீட்சிங்க் சுட்டதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

வெடித்ததற்குக் காரணம் இன்னும் மோசம். ஹீட்டர் ஆன் ஆகும் நேரத்தில் அனலைசரில் இரண்டு கோடும் செத்துப்போய், நேரம் கழித்து மறுபடி எழுகின்றன. சிப் ரீசெட் ஆகிறது. ரீசெட்டில் கால்கள் எல்லாம் எதையும் இழுக்காமல் அந்தரத்தில் நிற்கும். அப்போது மாஸ்ஃபெட் கேட்டில் மிச்சமிருக்கும் மின்னூட்டத்தை வடிக்க 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வேண்டும். கார்டில் அதற்கு இடம் விட்டிருக்கிறார்கள், ரெசிஸ்டரைச் சால்டர் செய்யவில்லை. எரிந்துகொண்டிருந்த பக்கம் அணையாமல் அப்படியே நின்றால் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுக்கு நேராக 12 வோல்ட் டிசி. கோர் முட்டியதும் மாஸ்ஃபெட் போகும், பேட்டரி ஃபியூஸுக்கு முன்னாலேயே. சில காசு ரெசிஸ்டரை மிச்சம் பிடித்த இடத்தில் என் முட்டைகள் போயின. இதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

உண்மையில் எஸ்டிஎம்32எஃப்103 போட்டிருந்தால் அதன் டிம்1 டைமர் நேர், எதிர் என்று ஜோடி வெளியீடு தரும். டெட் டைமை அதற்கென்றே உள்ள பதிவேட்டில் எழுதினால் போதும். கோளாறு வந்தால் வெளியீட்டை உடனே அறுக்கும் பிரேக் உள்ளீடும் உண்டு. எட்டுக்கால் ஏடிடைனி85இல் கூட டெட் டைம் ஜெனரேட்டர் இருக்கிறது. அந்த வசதிக்குத்தான் நான் காசு கொடுத்தேன்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஸ்கோப் (சிக்னலைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்) கேளுங்கள். இரண்டு ப்ரோபையும் இரண்டு கேட்டில் வைத்து, திரையை மைக்ரோ நொடிக்குக் கொண்டுவந்து, இரண்டு மாற்றத்தையும் பாருங்கள். ஒன்றை மட்டும் காட்டினால் மற்றதையும் காட்டச் சொல்லுங்கள். ஸ்கோப் இல்லையென்றால் 74ஹெச்சி08 (இரண்டு உள்ளீடும் ஆனாக இருந்தால் மட்டும் வெளியீடு தரும் ஐசி) ஒன்றில் கார்டு சிப்பின் இரண்டு 5 வோல்ட் சிக்னலையும் கொடுத்து, அதன் வெளியீட்டை 74ஹெச்சி74இன் (ஒரு முறை வந்த சிக்னலைப் பிடித்து வைக்கும் ஐசி) கிளாக்குக்கு விட்டு எல்இடி மாட்டுங்கள். இரண்டும் ஒரு முறை சேர்ந்து எரிந்தாலும் எல்இடி பிடித்துக்கொள்ளும். மாஸ்ஃபெட் கேட்டில் இருக்கும் 12 வோல்ட்டை மட்டும் இதில் கொடுத்துவிடாதீர்கள். முதல் முறை பேட்டரி இணைக்கும்போது பாசிட்டிவ் வயரில் கார் ஹெட்லைட் பல்பை சீரியஸில் போடுங்கள். ஓடும்போதே ரீசெட் கொடுத்துப் பாருங்கள். பல்பு பிரகாசமாக எரிந்தால் அந்தக் கார்டு வேண்டாம்.

பில் விஷயத்தில் கறாராக இருங்கள். எனக்கு முதலில் ‘எஸ்டிமேட்’ என்று ஒரு துண்டுச்சீட்டுதான் நீட்டினார்கள். நின்று ஜிஎஸ்டி பில் வாங்கியதால்தான் இப்போது புகார் கொடுக்க முடிந்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நான் பாலக்காட்டில் போட்டிருக்கிறேன். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சுயதொழிலுக்காக வாங்கிப் பயன்படுத்தியவர்களும் நுகர்வோர்தான். 1915 என்ற உதவி எண்ணிலும் பேசலாம். வழக்கு என்றதும், "வேற கார்டு தர்றேன், எழுதாதீங்கக்கா" என்று போன் வந்தது. வேறு கார்டும் அதே கார்டுதான் என்பதால் மறுத்துவிட்டேன்.

ஏற்கனவே இதை மாட்டியிருப்பவர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். 32 கால், 11, 12இலிருந்து கோடு, காலியாக ரெசிஸ்டர் இடம் என்றால் அதே கார்டுதான். மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் (நெகட்டிவ்வுக்குப் போகும் கால்) நடுவே 10 கிலோ ஓம் போட்டால் ரீசெட்டில் வெடிப்பது குறையும். இரண்டும் சேர்ந்து எரியும் கோளாறு ப்ரோகிராமில் இருப்பதால் அது அப்படியே நிற்கும். கார்டை மாற்றுங்கள்.