ஆயாவின் கண்ணன் படத்தை மதிப்புப் பார்க்கக் கொடுத்தோம்: பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு எச்சரிக்கை

வீட்டில் தாத்தா, பாட்டி காலத்துச் சாமி படம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். "எந்தக் காலத்துப் படம்னு ஆராய்ஞ்சு சர்டிபிகேட் போட்டுத் தரேன்" என்று யாராவது வந்தால், படத்தை வீட்டை விட்டு வெளியே அனுப்பாதீர்கள். படத்தின் சட்டத்தை (ஃபிரேமை) கழற்ற விடாதீர்கள். நாங்கள் இரண்டுக்கும் சம்மதித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில். போன ஆடியில் எங்கள் ஆயா (பாட்டி) தவறிப்போனார். வீட்டை விற்றுப் பங்கு பிரிக்கலாம் என்று பேச்சு வந்தபோது, பூஜை அறையில் இருந்த இரண்டு படங்களை என்ன செய்வது என்ற கேள்வியும் வந்தது. ஒன்று தஞ்சாவூர்ப் படம். கையில் வெண்ணெய் உருண்டையோடு தவழும் கண்ணன், இரண்டடி உயரம். இன்னொன்று தாமரையில் நிற்கும் லட்சுமி, அச்சுப் படம்.

கண்ணன் படத்துக்குக் கண்ணாடி கிடையாது. நான் பிறப்பதற்கு முன்பே உடைந்துவிட்டதாம். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் ஆயா மோதிர விரலால் நேராகக் கண்ணன் பாதத்திலேயே குங்குமம் வைப்பார். வைத்து வைத்து அந்த இடமே செம்பு நிறமாகத் திட்டு கட்டியிருந்தது. "நான் மருமகளா வந்தப்பவே இவன் இந்தச் சுவத்துல தவழ்ந்துக்கிட்டு இருந்தான்" என்று சொல்வார். ஆயாவுக்குக் கல்யாணம் நடந்தது 1949-இல்.

தெரிந்தவர் ஒருவர் மூலமாகத்தான் படத்தை மதிப்புப் பார்த்துத் தருவதாகச் சொன்ன அந்த ஆள் வந்தார். லென்ஸ், டார்ச் எல்லாம் வைத்திருந்தார். இருபது நிமிஷம் பார்த்துவிட்டு, "மேடம், இது தஞ்சாவூரை ஆண்ட சரபோஜி மகாராஜா காலத்துப் படம், இருநூறு வருஷம் இருக்கும். லட்சுமி ரவி வர்மா கையால போட்டது. ரெண்டும் சேர்ந்து பெரிய அமௌன்ட் போகும். ஆனா பேப்பர் இல்லாம யாரும் வாங்க மாட்டாங்க" என்றார். ஆராய்ச்சிக்கு முன்பணம் 12,000 ரூபாய் கேட்டார். ஜிபேயில் அனுப்பினேன். மறுநாள் ஆட்டோவில் இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு போனார். ரசீது கேட்டதற்கு, "ரிப்போர்ட்டோடயே பில்லு வந்துடும்" என்றார். அம்மாவுக்கு அப்போதே மனசு ஒப்பவில்லை. நான்தான் சமாதானம் சொன்னேன்.

ஏழு வாரம் கழித்து வந்தன. கண்ணனைப் பார்த்ததும் அம்மா அழுதுவிட்டார். முகம் முழுக்கப் புதுப் பெயின்ட். மங்கலாக, தேன் நிறத்தில் இருந்த தங்கத்தின் மேல் பளபளவென்று புதுத் தகடு. பழைய கண்ணாடிக் கற்கள் போய், கடையில் பாக்கெட்டில் விற்கும் கற்கள் பதித்திருந்தார்கள். பாதத்தில் இருந்த குங்குமத்தைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்திருந்தார்கள். புதுச் சட்டம், புதுக் கண்ணாடி. கூடவே லேமினேட் செய்து ஹாலோகிராம் ஒட்டிய ஒரு சான்றிதழ். அதற்கு மேலும் 23,500 ரூபாய் கேட்டார். அதையும் கொடுத்தோம்.

அதைவிடப் பெரிய நஷ்டம் எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எங்கள் உறவுக்காரருக்குப் பழக்கம். அவர் வீட்டுக்கே வந்து பார்த்தார். முன்பக்கத்தை ஒரு நிமிஷம்தான் பார்த்திருப்பார். உடனே படத்தைத் திருப்பச் சொன்னார். "பின்பக்கம் என்னம்மா இருந்தது?"

பின்பக்கத்தை இழைத்து வார்னிஷ் அடித்திருந்தார்கள். பழைய தேக்குச் சட்டத்தை, செல்லரித்துவிட்டது என்று சொல்லித் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

அங்கே என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். படம் போவதற்கு முந்தின நாள், கோயம்புத்தூரில் இருக்கும் சித்தப்பாவுக்கு அனுப்புவதற்காகப் போனில் ஒரு போட்டோ எடுத்திருந்தேன். பலகையின் இடது மூலையில் பென்சில் எழுத்து: "பார்த்திப ௵ தை ௴ வாங்கியது." வருஷத்துக்கும் மாதத்துக்கும் பழைய பத்திரங்களில் போடுவார்களே, அதே குறிகள். சட்டத்தின் கீழ்க்கட்டையில் படத்துக்குச் சட்டம் போடும் கடை ஒன்றின் காகித வில்லை (லேபிள்). ஃபிளாஷ் வெளிச்சம் பட்டு அதில் பாதி வெள்ளையாகிவிட்டது.

பெரியவர் அந்தப் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: தமிழ் வருஷம் 60 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வரும். கடைசியாகப் பார்த்திப வருஷம் வந்தது 2005-இல். அதற்கு முன்னால் 1945, அதற்கும் முன்னால் 1885. ஆக, பார்த்திப தை என்றால் 1886 ஜனவரியாகவும் இருக்கலாம், 1946 ஜனவரியாகவும் இருக்கலாம். எது சரி என்று அந்தக் கடை வில்லை சொல்லியிருக்கும். விலாசம், அச்செழுத்தின் பாணி, போன் நம்பர் இருந்தால் அது எத்தனை இலக்கம், இதை வைத்தே காலத்தைப் பிடித்துவிடலாமாம். ஆயா சொன்னதும் உதவவில்லை, அவர் வந்தது 1949-இல் அல்லவா.

இந்த 60 வருஷ வித்தியாசம் சின்ன விஷயமில்லை. பழம்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 1972-படி, நூறு வருஷம் தாண்டிய ஓவியம் பழம்பொருள் ஆகிறது. அதைப் பதிவு செய்ய வேண்டும், நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. 1886 என்றால் எங்கள் கண்ணன் அந்தச் சட்டத்துக்குள் வருகிறான், 1946 என்றால் வரமாட்டான்.

படத்தை வைத்தே காலம் சொல்ல முடியாதா என்று கேட்டேன். முன்பு முடிந்திருக்கும் என்றார். பழைய தஞ்சாவூர்ப் படத்தில் பலா மரப் பலகை மேல் புளியங்கொட்டைப் பசையால் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பூச்சு கொடுத்து, நகையும் மண்டபமும் வரும் இடங்களைச் சுதையால் மேடாக்கி, அதன்மேல் தங்கத் தகடு ஒட்டுவார்கள். துணியின் நெசவு, பழைய வண்ணம், தகட்டின் தடிமன், வெடிப்பு ஓடியிருக்கும் விதம் எல்லாம் சாட்சி. எங்கள் படத்தில் இப்போது கண்ணனின் இடது முழங்கைக்குக் கீழே, விரல் நகம் அளவுக்குப் பழைய நீலம் தெரிகிறது. புதுப் பெயின்ட் அடித்தவர்கள் விட்டுப்போன இடம் அது ஒன்றுதான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அதற்குள் மெல்லிய வெடிப்புகள் சிலந்தி வலை மாதிரி ஓடுகின்றன. மேலே பூசியதை எடுக்கப் போனால் இதுவும் சேர்ந்து வந்துவிடும் அபாயம் இருக்கிறது, இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம் என்றார்.

சான்றிதழில் "கார்பன் டேட்டிங் மூலம் உறுதி செய்யப்பட்டது, 1810" என்று எழுதியிருந்தது. இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசி முந்நூறு வருஷத்துப் பொருளுக்கு கார்பன் சோதனையால் இப்படி ஒரு வருஷத்தைக் குறித்துச் சொல்லவே முடியாது. அப்படியே செய்தாலும் அது மரம் எப்போது வளர்ந்தது என்பதைத்தான் காட்டும், படம் எப்போது எழுதியது என்பதை அல்ல.

லட்சுமியின் கதை இன்னும் மோசம். அந்தப் படத்தின் அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. ரவி வர்மா அச்சகத்தின் பெயர். சின்ன வயதில் நான் எழுத்துக் கூட்டிப் படித்த வரி. அதைக் கத்தரித்துவிட்டு, வெட்டிய விளிம்பு தெரியாமல் சுற்றிலும் அட்டை வைத்து மூடியிருக்கிறார்கள். அந்த வரி இருந்தால் "கையால் போட்டது" என்ற சான்றிதழ் நிற்காதே! ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவாலா பக்கம் போய், ஜெர்மன்காரர் ஒருவர் கைக்கு மாறியது. 1906-இல் ரவி வர்மா இறந்த பிறகும் படங்கள் வந்துகொண்டேதான் இருந்தன. தைல ஓவியம் மாதிரி தெரிவதற்காக வார்னிஷும் போடுவார்கள், அதனால் கண்ணுக்கு ஏமாற்றும். பழைய அச்சகப் படத்துக்கென்று ஒரு மதிப்பு உண்டு. அடிவரியை வெட்டியதோடு எங்கள் படத்துக்கு அதுவும் குறைந்துவிட்டது.

இவ்வளவையும் செய்துவிட்டு, பத்து நாள் கழித்து அந்த ஆளே போன் செய்தார். "மேடம், பதிவு பண்ணாத ஆன்டிக் வீட்டுல வெச்சிருக்கிறது தப்பு. போலீஸ் வந்தா உங்களுக்குத்தான் அசிங்கம். நாற்பதாயிரத்துக்கு நானே எடுத்துக்கிறேன்." சரபோஜி காலத்துப் படம் என்று சான்றிதழ் கொடுத்தவர் கேட்ட விலை இது. என் அண்ணன் போனை வாங்கி, "பழம்பொருள் வியாபாரத்துக்கு லைசென்ஸ் வேணுமே, உங்க நம்பர் சொல்லுங்க" என்று கேட்டதும் கட் செய்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த நம்பர் உபயோகத்திலேயே இல்லை.

பாட்டி வீட்டுப் படத்தை வைத்திருப்பதற்காக யாரும் உங்களைக் கைது செய்ய வரப்போவதில்லை. நூறு வருஷம் தாண்டியிருக்கும் என்று தோன்றினால், பதிவு பற்றி நீங்களே போய் விசாரிக்கலாம். மத்திய தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகம் நம் பக்கத்திலேயே, புனித ஜார்ஜ் கோட்டைக்குள்தான் இருக்கிறது. கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போகலாம். இடையில் ஒரு ஆள் எதற்கு?

நான் செய்யாமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், முன்பக்கம், பின்பக்கம், நான்கு விளிம்பு, சட்டத்தின் உள்பக்கம் எல்லாவற்றையும் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்திருக்க வேண்டும். பழைய கல்யாண ஆல்பங்களைப் புரட்டியிருக்க வேண்டும். பின்னால் சுவரில் படம் தெரிகிற ஒரு போட்டோ கிடைத்தால்கூட, அந்த வருஷத்தில் அது நம் வீட்டில் இருந்ததற்கு அதுவே ஆதாரம். ஆயா உயிரோடு இருந்தபோது உட்கார வைத்துக் கேட்டிருக்க வேண்டும். மதிப்புச் சொல்பவரே வாங்கவும் வந்தால் அவர் சொல்லும் விலையை எடுத்துக்கொள்ளவே கூடாது. ஈரத் துணி, வெட்டிய உருளைக்கிழங்கு, தேங்காய் எண்ணெய் என்று எதைக் கொண்டும் துடைக்காதீர்கள். அழுக்கு இருந்தால் இருக்கட்டும்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும், 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட தொகைக்குக் கட்டணம் கிடையாது. பில் இல்லை, ஆனால் ஜிபே விவரமும் வாட்ஸ்அப் பேச்சும் அந்தச் சான்றிதழும் இருக்கின்றன. சான்றிதழைக் கிழித்துப் போடலாம் என்று அம்மா சொன்னார், நான் விடவில்லை.

ஒரு உதவி வேண்டும். என் போட்டோவில் வில்லையின் வலது பாதி மட்டும் படிக்க முடிகிறது: மேல் வரியில் "…நாயுடு அண்டு சன்ஸ்", அடுத்ததில் "…கண்ணாடி, படம்", கடைசியில் "…சாலைத் தெரு, சென்னை". தங்கசாலைத் தெருவாக இருக்கும் என்று நினைக்கிறோம். ராயபுரம், தண்டையார்பேட்டை, சௌகார்பேட்டை, முத்தியால்பேட்டை பக்கம் யார் வீட்டிலாவது பழைய சாமி படத்தின் பின்னால் இதே மாதிரி வில்லை இருந்தால், படத்தைக் கழற்றாமல், அப்படியே திருப்பி வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.